கூர்ப்பக்கம் கீழே

பிப்ரவரி 27

அடி முந்திரிக்கொட்டை,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி படித்துவிடு: உன் கொட்டை கிடைத்துவிட்டது!

கிடைத்துவிட்டதடி! முழுசாக, உடையாமல், உன் வெண்ணெய்ப்பழக் கொட்டை சமையலறை ஜன்னல் விளிம்பில், தம்ளரில், தண்ணீரில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாயே, அடுத்த நிமிஷமே நானும் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். குப்பை வண்டி பக்கத்துக் கட்டட வாசலில் நின்றது. "அண்ணே, நிறுத்துங்க! உள்ள ஒரு விதை இருக்கு" என்றேன். "விதையாம்மா, வைரமாம்மா?" என்று கேட்டார். மூன்றாவது பையில் இருந்தது. கழுவி எடுத்துவிட்டேன்.

நீ ஏழு வாரம் பொறுமையாக வைத்திருந்ததை நான் தூக்கிப் போட்டது தப்புதான். அவரும் அவர் அம்மாவும் முதல் தடவையாக நம் வீட்டுக்கு வருகிறார்கள், ஜன்னலில் பழுப்புத் தண்ணீரில் ஓர் உருண்டை ஊறிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள் என்று கை பரபரத்துவிட்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்கு அன்றைக்கு அந்த மட்டும் இல்லை.

ஆனால் நீ அவர்கள் முன்னால் சொன்னது எனக்கு மனப்பாடம். "அந்தக் கொட்டை முளைச்சா உன் கல்யாணத்துக்கு வர்றேன். இல்லன்னா என்னை எதிர்பார்க்காதே!" அவர் அம்மா கையிலிருந்த காபி பாதி வழியில் நின்றது. சரி, நீ சொன்னது சொன்னதுதான். நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன். இது முளைக்கும், நீ வருவாய்.

மே 14, வியாழக்கிழமை, காலை பதினொரு மணி, பதிவு அலுவலகம். அவர் பக்கத்துச் சாட்சி அவர் அம்மா. என் பக்கத்துச் சாட்சி நீ. எனக்கு வேறு யாரும் கிடையாது, வேறு யாரும் வேண்டவும் வேண்டாம்.

மூன்று பல் குத்தும் குச்சியைச் செருகி அதை நிறுத்தி வைத்திருந்தாயே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்செட்டு செய்கிறவள் வீட்டில் பல் குத்தும் குச்சியா! லேபிலிருந்து எஃகுக் கம்பி கொண்டுவந்து, பல்செட்டுக்குக் கொக்கி வளைப்பது போலவே வளைத்து, அதற்கு ஒரு தொட்டில் செய்திருக்கிறேன். வந்து பார், அசந்துபோவாய்.

உன் சுரங்க வேலை முகாமில் போன் பேச மேட்டுக்கு ஏற வேண்டும். எனக்காக நீ இப்போது ஏறமாட்டாய். அதனால்தான் கடிதம். பதில் போடு, திட்டியாவது போடு.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமை வேனில் வந்தது. கிழிக்கவில்லை.

கிடைத்ததைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் சொன்னது "கிடைத்தால்" அல்ல, "முளைத்தால்". நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது.

நீ ஒரு தப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் இன்னொன்றைப் பற்றி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள் என்று எனக்கு எப்போது சொன்னாய்? சனிக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே. உன் லேப் கட்டடத்து வாட்ச்மேனுக்கு உன் காதல் விஷயம் மூன்று மாதமாகத் தெரியுமாம். பதினோரு வருஷம் ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே சீப்பு. உனக்குப் பல் வலித்தால் எனக்குக் கன்னம் வீங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. எனக்கு முன்னால் வாட்ச்மேன்!

உன் லிஃப்ட்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே மலையை இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்துகொண்டு போகிறார்கள். இன்னும் இருநூற்று நாற்பது மீட்டர் பாக்கி. இரண்டு பக்கமும் நேராக வருகிறதா என்று தினமும் அளந்து சொல்வது என் வேலை. கோட்டை விட்டால் ஒரு மலைக்குள் இரண்டு சுரங்கப்பாதை இருக்கும். ஆகையால் எனக்கு நேரம் கிடையாது.

தண்ணீரை வாரத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும். ஞாயிறுதோறும் விட்டத்தை அளந்து பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எழுத வேண்டும்.

சர்வேயர்


மார்ச் 15

என் தங்கமே, "தங்கை" என்றுகூடப் போடாமல் "சர்வேயர்" என்று கையெழுத்துப் போட்ட மகராசியே,

தண்ணீர் மாற்றினேன். அளந்தேன். 43 மில்லிமீட்டர். லேபில் பல் அளக்கும் கருவியால் அளந்தேன், அரை முடி அளவுகூடத் தப்பாது.

இப்போது கேள். கொட்டையின் மேல்தோல் உரிகிறது! காகிதம் மாதிரி, சுருண்டு சுருண்டு! வியாழக்கிழமை காலை பார்த்தால், உச்சியில் முடி இழை அளவுக்கு ஒரு கோடு. முதலில் தூசி என்று நினைத்தேன். பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. கோடுதான்! பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே கத்தினேன், மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார்.

உன் கோபத்துக்கு வருகிறேன். வாட்ச்மேனிடம் நான் சொல்லவில்லை. லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன அன்றைக்கு, கையில் பதினோரு பல்செட்டுத் தட்டோடு நான் உள்ளே மாட்டிக்கொண்டேனே, அன்றைக்கு ரிப்பேர் பண்ண வந்த அவர் மேலிருந்து "பயப்படாதீங்க, ஏதாவது பேசிக்கிட்டே இருங்க" என்றார். நான் பேசினேன். நாற்பது நிமிஷம். லிஃப்ட் சரியான பிறகும் நிறுத்தவில்லை. வாட்ச்மேன் கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வேன்? அதற்கப்புறம் லிஃப்ட் வாரத்துக்கு இரண்டு தடவை ரிப்பேரானது. நல்ல லிஃப்ட் ஏன் ரிப்பேராகிறது என்று வாட்ச்மேனுக்குப் புரியாதா?

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். யோசித்து எழுதுகிறேன்.

இன்னொரு சங்கதி, உன்னிடம் சொல்லாமல் வயிறு வெடிக்கிறது. அன்றைக்கு அவர் அம்மா உள்ளே வந்ததும் சிரித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்வரிசை என் கைவேலை! இடது கோரைப்பல்லை நான் எப்போதும் ஒரு பொடி திருப்பி வைப்பேன், இயல்பாக இருக்கட்டும் என்று. வேறெந்த லேபிலும் அப்படிச் செய்யமாட்டார்கள். நான் செய்த பல்லாலேயே நாளைக்கு என்னைக் கடித்தால் யாரிடம் போய் முறையிடுவது?

ஆனால் அவர்கள் அப்படி இல்லை. போகும்போது கேட்டது இதுதான்: "அந்தப் பொண்ணு சாப்பிடாமலே போயிடுச்சே, பஸ்ல ஏதாவது வாங்கிக்குமா?"

அக்கா


மார்ச் 24

அக்கா,

கோடா? எந்தப் பக்கம்? எவ்வளவு நீளம்? நேர்க்கோடா, வளைவா? "முடி இழை அளவு" என்பது அளவா? இவ்வளவு பெரிய செய்தியை இவ்வளவு அரைகுறையாக எழுதுகிற ஆளை நான் பார்த்ததில்லை!

நீ நினைப்பது எனக்குத் தெரியும். நான் இளகிவிடவில்லை. இது வெறும் தொழில் ஆர்வம்.

பாறைக்கு வெடி வைக்கும் வெடிக்காரரிடம் மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. இப்போது வேன் டிரைவர் உன் கடிதத்தை நீட்டும்போதே "கொட்டை வெடிச்சுதா மேடம்?" என்கிறார். சாப்பாட்டுக் கொட்டகையில் இரண்டு கட்சி. முளைக்கும் கட்சிக்கு வெடிக்காரர் தலைவர். "உள்ளருந்து வர்ற வெடிப்பை யாராலும் நிறுத்த முடியாது, என் அனுபவத்துல சொல்றேன்" என்கிறார். முளைக்காத கட்சிக்குத் தலைவர் சமையல்காரர். அவர் எதையும் நம்பமாட்டார், உப்பைக்கூட இரண்டு தடவை நக்கிப் பார்த்துத்தான் போடுவார்.

கோடு தெரிந்தது என்று நான் படித்துக் காட்டியதும் முப்பது பேர் தட்டைத் தட்டினார்கள். எனக்கும் கைகால் ஓடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏழு வாரம் நான் பார்த்துப் பார்த்து ஒன்றும் நடக்காதது, உன் கையில் மூன்று வாரத்தில் நடக்கிறது.

எனக்குப் படம் வேண்டும். பக்கவாட்டுத் தோற்றம், அளவோடு. தண்ணீர் மட்டம் எங்கே, கோடு எங்கே, பழம் வெட்டும்போது விழுந்த கத்திக் கீறல் எங்கே என்று எல்லாவற்றையும் குறித்து அனுப்பு. பல் வரைகிற கை உனக்கு, இது ஒரு வேலையா?

அந்த அம்மாவிடம் சொல்: பஸ்ஸில் பிஸ்கட் வாங்கிக்கொண்டேன்.

சர்வேயர்தான், ஆனால் உன் தங்கையும்


ஏப்ரல் 1

அடியே,

படம் இதோ! ஒரே மதியத்தில், லேபில் பிளாஸ்டர் காய்கிற நேரத்தில் வரைந்தேன். சூபர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு "யாரோட பல்லு இது, இவ்வளவு பெருசா?" என்று கேட்டார்.

எல்லாம் குறித்திருக்கிறேன். கத்திக் கீறல் 9 மில்லிமீட்டர், வலது பக்கம். குச்சி செருகிய மூன்று துளைகள், நூற்றிருபது பாகை இடைவெளியில். தண்ணீர் மட்டம் பாதிக்குச் சற்றுக் கீழே. கூர்ப்பக்கம் கீழே, தண்ணீருக்குள். தட்டைப்பக்கம் மேலே, காற்றில். கோடு தட்டைப்பக்கத்தின் நடுவில், 14 மில்லிமீட்டர். போன வாரம் 11. மூன்று மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது!

வெடிக்காரர் கட்சிக்கு என் வணக்கத்தைச் சொல். சமையல்காரரிடம் இப்போதே உப்பை எடுத்து வைக்கச் சொல். மே 14-க்கு இன்னும் நாற்பத்து மூன்று நாள்!

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

படம் அருமை. நிழல்கூடப் போட்டிருக்கிறாய். அதைச் சுவரில் ஒட்டிவைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். முதலில் ஏதோ உறுத்தியது, என்னவென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

கொட்டை தலைகீழாக நிற்கிறது.

வெண்ணெய்ப்பழக் கொட்டைக்குத் தட்டைப்பக்கம்தான் அடி. வேர் அங்கிருந்துதான் இறங்கும். கூர்ப்பக்கம் மேலே இருக்க வேண்டும், முளை அங்கேதான் வரும். நான் ஏழு வாரம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஏழு வாரம் தண்ணீரில் கிடந்த பாதி கறுத்துப்போய், நடுவில் வட்டமாகக் கறைக்கோடு இருந்தது. அது என் கொட்டையாக இருந்திருந்தால் எந்தப் பக்கம் தண்ணீருக்குள் போக வேண்டும் என்று அந்தக் கறையே உனக்குச் சொல்லியிருக்கும். கறை தெரியாதவளா நீ? பக்கத்துப் பல்லில் வெற்றிலைக் கறை இருந்தால் பொய்ப்பல்லிலும் அதே கறையைத் தீட்டிக் கொடுக்கிறவள்!

இது என் கொட்டை இல்லை. நீ வேறு பழம் வாங்கியிருக்கிறாய். கீறல் போட்டிருக்கிறாய், துளை போட்டிருக்கிறாய், 43 மில்லிமீட்டர் என்று பிரிட்ஜ் தாளைப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாய். எல்லாம் கச்சிதம். பல்லுக்கு வேர் கூர்ப்பக்கம் என்பதால் கொட்டைக்கும் அப்படித்தான் என்று நட்டுவைத்தாய் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டாய். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் குப்பை வண்டியே வராது என்பதும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. "வைரமாம்மா" என்று கேட்டாராம்! ஒரு பொய்க்கு வசனம் வேறு!

விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா அக்கா? முப்பது பேர் தட்டைத் தட்டினார்கள். நான் அவர்களோடு சேர்ந்து கத்தினேன். எனக்கு அழுகை வந்தது, பிறகு தலைகீழாக நிற்கிற அந்தக் கொட்டையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.


ஏப்ரல் 12

என் கண்ணே,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். இனிமேல் பொய் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் இறங்கி ஓடவில்லை. எனக்கும் உன் மேல் கோபம். வந்தவர்கள் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாயே என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கொட்டை கீழே தொட்டியில்தான் இருந்தது, பதினெட்டுப் படி இறங்கினால் எடுத்திருக்கலாம். வீம்பு. திங்கட்கிழமை காலையில் இறங்கிப் போனபோது தொட்டி காலி. அந்தக் காலித் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேனடி. அந்த நிமிஷம்தான் உன்னைத் தொலைத்துவிட்டேன் என்று பயம் வந்தது.

ஐந்து பழம் வாங்கினேன். உனக்குத் தெரியும், எனக்கு அது சோப்புக்கட்டி. எறிய மனசு வராமல் ஐந்தையும் உப்புப் போட்டுத் தின்றேன். நான்காவது பழத்தில் 43 மில்லிமீட்டர் வந்தது, ஐந்தாவதை ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தேன். கீறலை லேப் டிரில்லால் போட்டேன். கூர்ப்பக்கத்தை யோசிக்கவே இல்லை. இருபது வருஷமாகக் கூர்ப்பக்கத்தைக் கீழே வைத்தே பழகிய கை.

ஆனால் ஒன்று மட்டும் சத்தியம். கோடு பொய் இல்லை. தோல் உரிந்தது பொய் இல்லை. நான் கத்தியது பொய் இல்லை. உன் கடிதம் வந்த அன்றே அதைத் திருப்பி வைத்தேன். அப்போது தட்டைப்பக்கத்தை உற்றுப் பார்த்தேன். ஆறு வாரமாக அந்தப் பாவி காற்றில் வேர் விடப் பார்த்திருக்கிறது. கோட்டுக்குள் வெளுப்பாக ஏதோ முட்டிக்கொண்டு, காய்ந்துபோய் நிற்கிறது. பிழைக்குமா, தெரியவில்லை. இப்போது அது தண்ணீருக்குள் இருக்கிறது.

உன்னிடம் ஏன் கடைசியில் சொன்னேன் என்று யோசித்து எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? எழுதுகிறேன். வாட்ச்மேன் தெரிந்துகொண்டால் என்ன ஆகும்? சிரிப்பார். நீ தெரிந்துகொண்டால் உன் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாதம் போய்விட்டது. நாற்பத்திரண்டு வயதில் காதல் வந்ததைவிட, அதை உன்னிடம் சொல்வதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "தேதியைத் தள்ளி வைப்போம், அவ வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். அதற்கு அவர், "சரி. ஆனா நாமளா கேன்சல் பண்ண வேணாம். மே 14 காலைல வரைக்கும் பார்ப்போம்" என்றார். அப்படியே இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் வேனில் போட்டுவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நீ விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாய் அல்லவா? நான் சமையலறையில் நின்றேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று கொட்டையைத் தம்ளரிலிருந்து எடுத்தேன். லேசாக அழுத்தினேன். விரல் உள்ளே போனது. முட்டை அழுகின மாதிரி நாறியது.

செத்துப்போயிருந்தது அக்கா. எப்போதோ செத்திருக்கிறது. நான் அதைக் கழுவி, தண்ணீரை மாற்றி, ஓட்டை விழுந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். நீ பொய்க் கொட்டை வைத்தாய் என்று குதித்தேன். நான் பிணத்தை உட்கார வைத்திருந்தேன்.

"முளைச்சா வர்றேன்" என்று நான் கத்தியபோது அது முளைக்காது என்று எனக்குத் தெரியும். வரமாட்டேன் என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொன்னேன். நீ அதை நிஜ நிபந்தனை என்று எடுத்துக்கொண்டு ஐந்து சோப்புக்கட்டியைத் தின்றிருக்கிறாய்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, சேர்த்து வைத்த லீவில் வருகிறேன். கீழே நின்று மணி அடித்தால் நீ மேலிருந்து கத்திக்கொண்டே வந்து கதவைத் திறப்பாய். கல்யாணம் ஆகி நீ போய்விட்டால் நான் சாவி போட்டுத் திறந்து, இருட்டு வீட்டுக்குள் போக வேண்டும். முப்பத்தைந்து வயதுக்காரி இதற்காக அழுதாள் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் கொட்டைக்காக அழுதேன்.

தேதியைத் தள்ளாதே. அவர் சொன்னதுதான் சரி. வருவேனா என்று மட்டும் இப்போது கேட்காதே. சுரங்கம் இன்னும் எழுபது மீட்டர். இரண்டு பக்கமும் சந்திக்காமல் என்னை விடமாட்டார்கள், அது மே முதல் வாரமா, மூன்றாம் வாரமா என்று மலைக்குத்தான் தெரியும். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, முப்பது பேர் முன்னால் எந்த முகத்தோடு லீவு கேட்பது என்பது.

கொட்டை எப்படி இருக்கிறது? நேராக நிற்கிறதா?

தங்கை


மே 1

முளைத்துவிட்டது!!!

அடியே! முளைத்துவிட்டது! வேர்! வெள்ளை வேர்! இன்று காலை ஆறே முக்காலுக்குத் தண்ணீர் மாற்றத் தம்ளரைத் தூக்கினேன். கொட்டை அடியில் இரண்டாகப் பிளந்து, பிளவுக்குள்ளிருந்து வெள்ளைவெளேர் என்று, பால் பல் முளைக்கிற மாதிரி, ஒரு முனை! நான் இருபது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பல் செய்திருக்கிறேன், தானாக ஒன்று முளைத்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!

தம்ளரைக் கீழே வைக்கக்கூடப் பயம். அப்படியே கையில் பிடித்துக்கொண்டு அவருக்குப் போன் பண்ணினேன். லிஃப்ட் உச்சியிலிருந்து பேசினார், "நான் இப்பவே இறங்கி வர்றேன்" என்றார். வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு நின்றோம். மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார். "முளைச்சிருச்சு சார்!" என்று கத்தினேன். என்ன முளைத்தது என்றுகூடக் கேட்காமல் "வாழ்த்துகள்" என்றார்.

என் பேச்சை நம்ப உனக்கு இனிமேல் ஒரு காரணமும் இல்லை. ஆகவே கீழே சாட்சிகள்.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். படித்துவிட்டு எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தது. நான் எங்கேயும் போகவில்லை, மடச்சி! கல்யாணத்துக்குப் பிறகு அவர்தான் இங்கே வருகிறார். அவர் அம்மா தன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார்கள், அது இரண்டு தெரு தள்ளித்தான். உன் அறை உன் அறைதான், உன் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பழைய பூட்ஸைக்கூட நான் தொடவில்லை. கீழே நின்று நீ மணி அடித்தால் நான்தான் கத்திக்கொண்டு வருவேன். இன்னொரு குரலும் சேர்ந்து கத்தும், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் முந்துகிறவள், இதை மட்டும் கேட்காமல் எழுபது நாள் மலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாய்!

முளைத்தால் வருகிறேன் என்றாய். முளைத்துவிட்டது. ஆனால் இது உன் கொட்டை இல்லை, நிபந்தனை செல்லாது என்று நீ சொன்னாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்று எழுதுகிறேனே தவிர, வாயேன் முந்திரிக்கொட்டை. வந்துவிடேன்.

அக்கா

சாட்சி ஒன்று: நேரில் பார்த்தேன். வேர் 4 மி.மீ. இது மெக்கானிக்கின் கையெழுத்து.

சாட்சி இரண்டு: கண்ணாடி போட்டுப் பார்த்தேன். வேர்தான். உன் அக்கா செய்த பல்லுக்குத்தான் நான் இவ்வளவு நாளாகப் புண்ணியம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் தெரிந்தது. நீ வாம்மா.


மே 8

அக்கா, மற்றும் சாட்சிகள் இருவருக்கும்,

நேற்று மத்தியானம் இரண்டு இருபதுக்கு மலை திறந்தது. கடைசி வெடிப் புகை அடங்கியதும் அந்தப் பக்கத்து ஆளின் விளக்கு வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. எல்லாரும் கத்தினார்கள். நான் ஓடிப்போய் முதலில் அளந்தேன். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 11 மில்லிமீட்டர். இரண்டு கிலோமீட்டர் மலையில் 11 மில்லிமீட்டர்! எஞ்சினியர் என் கையைக் குலுக்கினார். வெடிக்காரர் என்னைத் தூக்கிவிட்டார். அவர் கட்சி இரண்டு விஷயத்திலும் ஜெயித்துவிட்டது. சமையல்காரர் உன் கடிதத்தில் இருக்கும் சாட்சிக் கையெழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, நம்புறேன்" என்றார். இந்த முகாமில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அது வேறு கொட்டை என்று நானே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "எந்தக் கொட்டையா இருந்தா என்ன மேடம், முளைச்சுதா இல்லையா?" என்றார்கள்.

இந்தக் கடிதம் இன்றைய வேனில் வருகிறது, நான் செவ்வாய்க்கிழமை வேனில் கிளம்புகிறேன். புதன்கிழமை சாயங்காலம் கீழே நின்று மணி அடிப்பேன். கூர்ப்பக்கம் மேலேயே இருக்கட்டும். வேர் அரை விரல் நீளம் வந்தபிறகுதான் மண்ணுக்கு மாற்ற வேண்டும், நான் வந்து மாற்றுகிறேன், யாரும் கை வைக்க வேண்டாம். யார் வீட்டுக்கு வந்தாலும் அது ஜன்னலிலேயே இருக்கும்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். முளைத்துவிட்டது என்ற உன் கடிதம் எனக்குக் கிடைத்தது மே 5, செவ்வாய்க்கிழமை வேனில். நான் வருவது அதற்காகத்தான் என்று நீ காலமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாய். அதனால் என் லீவு விண்ணப்பத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் "அக்கா திருமணம், சாட்சிக் கையெழுத்து" என்று எழுதியிருக்கிறேன். மேலே வலது மூலையில் தேதி இருக்கிறது. மே 4.

உன் தங்கை